வெயிலும் வேணும்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் 'எ பாய்சன் ட்ரீ' (நச்சு மரம்) கவிதையைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். 1794-இல் வெளியானது, மொத்தமே 16 வரி. நண்பன்மேல் கோபம், சொன்னேன், தீர்ந்தது. பகைவன்மேல் கோபம், சொல்லவில்லை, வளர்ந்தது. அப்புறம் அந்தக் கோபம் மரமாகிப் பளபளவென்று ஒரு ஆப்பிள் காய்க்கிறது, இரவில் திருட வந்த பகைவன் காலையில் மரத்தடியில் நீட்டிக் கிடக்கிறான். நானும் ரொம்ப நாள் போர்டில் இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கோபம், நடுவில் சமக்குறி என்று எழுதிப்போட்டுத்தான் உருவகத்தை முடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இரண்டாவது நாலு வரிக்கு வந்தோம். மரத்துக்குக் கண்ணீரை ஊற்றினான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. அடுத்து புன்னகையால் வெயில் காட்டினான் என்று வருகிறதே, கோபத்துக்குச் சிரிப்பு எதற்கு என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் தக்காளி போடுகிற ஒரு மாணவி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி மட்டும் ஊத்துனா வேர் அழுகிடும் மேடம். வெயில் பட்டாத்தான் காய் பிடிக்கும்."

அவ்வளவுதான், எனக்கே அப்போதுதான் அந்தக் கவிதை திறந்தது. பகைவனைப் பார்த்துத் தினமும் சிரித்த சிரிப்பில்தான் அந்த ஆப்பிள் பழுத்திருக்கிறது. பிளேக் தன் குறிப்பேட்டில் இதற்கு முதலில் 'கிறிஸ்தவப் பொறுமை' என்று தலைப்பு வைத்திருந்தார், அதையும் சொன்னேன். உடனே ஒரு பையன் 'இளைதாக முள்மரம் கொல்க' என்றான். நல்ல இடத்தில் நினைவு வந்தது அவனுக்கு. ஆனால் வள்ளுவரின் முள்மரம் எதிரே நிற்கிற பகை, முற்றினால் வெட்டுகிறவன் கையைக் கிழிக்கும். பிளேக்கின் மரமோ பேசுகிறவனே வளர்த்தது, அதனடியில் பிணம் கிடப்பதைப் பார்த்து மகிழ்கிறேன் என்று அவனே சொல்கிறான். அந்த ஒரு சொல்லில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

எங்கள் துறையில் ஒருவர், நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய பாடக்குறிப்புகளைத் தன் பெயரில் கொடுத்திருந்தார். இரண்டு வருடமாக அவருக்கு நான் சிரித்துக்கொண்டே குட்மார்னிங் சொல்லி வந்தேன். அன்று மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே போய் உட்கார்ந்து, "அந்த நோட்ஸ் நான் எழுதினது சார், எனக்கு ரொம்ப வலிச்சது" என்றேன். குரல் நடுங்கியது. அவர் டிபன் பாக்ஸ் மூடியைக் கீழே வைக்காமல், கடைசி வரை கேட்டார்.