பெயர் அழிந்த இரண்டு கண்ணாடித் தகடுகள்

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் செய்முறை வகுப்பு எடுக்கும் எனக்கு, அமராந்தேசி, கீனோபோடியேசி ஆகிய இரு குடும்பங்களையும் பிரித்துக் காட்டுவது நெடுநாள் எளிய வேலையாகவே இருந்தது. சுற்றுச்சுவரோரம் முளைக்கும் குப்பைக்கீரையும் நாயுருவியும் முதல் குடும்பத்துக்கு. எண்ணூர்க் கழிமுகத்தின் உவர்ச்சேற்றிலிருந்து பறித்து வரும் உமிரி இரண்டாவதற்கு. பூவிதழ்கள் சருகுபோல் உலர்ந்து, மகரந்தத்தாள்கள் அடியில் இணைந்திருந்தால் அமராந்தேசி என்பது பாடம். நாயுருவி அதற்குப் பொருந்தும். குப்பைக்கீரையின் தாள்களோ தனித்தனியானவை.

மலரின் பால்தன்மையும் கைகொடுக்கவில்லை. நாயுருவியின் பூ இருபால் மலர். குப்பைக்கீரையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே இருக்கும்; அதே பேரினத்தைச் சேர்ந்த சில அமெரிக்கச் செடிகளில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மறுபக்கம், கீனோபோடியேசியில் பீட்ரூட்டின் பூ இருபால் மலராக இருக்க, அதன் உறவான ஸ்பினாச்சு பெரும்பாலும் ஈரில்லத் தாவரம், அதாவது ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு. எந்தப் பால்தன்மையும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இல்லை.

ஒருமுறை, குப்பைக்கீரை, உமிரி இவற்றின் மகரந்தத் தகடுகளைச் சாராயத்தால் துடைத்தபோது இரண்டிலும் எழுதியிருந்த பெயர்கள் அழிந்துபோயின. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு நுண்ணோக்கியில் வைத்தேன். சாப்ரனின் என்ற சாயமேறிய சிவந்த மகரந்த உருண்டைகள். மேற்பரப்பு முழுவதும், கோல்ஃப் பந்தின் குழிகளைப் போல, சீராகப் பரவிய வளர்துளைகள், அதாவது மகரந்தக் குழாய் வெளிவரும் துளைகள். மற்றத் தகட்டிலும் அதே உருண்டைகள், அதே குழிகள். குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி அரைமணி நேரம் பார்த்தும் எது எதுவென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய ஏரிப் படிவுகளில் மகரந்தத்தை எண்ணுபவர்களும் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரிக்காமல், 'கீனோ-ஆம்' என்ற ஒரே பெயரில்தான் பதிவு செய்கிறார்கள்.

பூக்கும் தாவரங்களை மரபு உறவின்படி பிரிக்கும் ஏ.பி.ஜி. (Angiosperm Phylogeny Group) வகைப்பாடு, 1998-இல் வெளிவந்தபோது, கீனோபோடியேசியை அமராந்தேசிக்குள் சேர்த்தது. மரபணு வரிசைகளை வைத்து எட்டிய முடிவு அது என்றாலும், மகரந்தம் அந்த உறவை முன்பே காட்டிக்கொண்டிருந்தது என்றே நான் கருதுகிறேன். நாங்கள் கற்பிக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டு முறையில் அவை இன்றும் தனித்தனிக் குடும்பங்கள்தாம். தேர்வில் எதை எழுதுவது என்று மாணவர்கள் கேட்கும்போது, பாடத்திட்டத்தில் உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டு, பெயர் அழிந்த அந்த இரண்டு தகடுகளையும் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.