அந்த இரண்டு மணி நேரம்

முதல் ஆறு மாதக் கூட்டங்களின் வருகைப் பதிவேட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் மனசு உறுத்துகிறது. பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை 10.30 மணிக்குக் கூட்டம். டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த பெரியவர்களின் குடும்பங்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. எப்போதும் இருபது கையெழுத்துக்குக் குறையாது. அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் அந்த எண்ணிக்கை நன்றாகவே இருந்தது.

ஆனால் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் மகன்கள். சனிக்கிழமை லீவு என்பதால் வந்தவர்கள். நல்ல மனிதர்கள்தான். குறிப்பெடுத்துக்கொண்டார்கள், "எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா மேடம்?", "இது பரம்பரையா வருமா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். காலையில் மாமியாரின் ஈரப் புடவையை மாற்றிவிட்டவள், மூன்று தடவை காபி கொடுத்த பிறகும் "எனக்கு ஒரு வாய் காபி தர ஆளில்ல" என்று மாமியார் எதிர்வீட்டில் சொன்னதால் பேச்சு வாங்கியவள், அந்த நேரத்தில் வாசற்படியை மறித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கூட்டத்துக்கு வந்தால் அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?

இந்தச் சின்னக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே ஆறு மாதம் ஆனது.

அதற்குள் நான் ஒரு தப்பும் செய்துவிட்டேன். அயனாவரத்தில் ஒரு வீடு. மாமியாருக்கு நோய் நடுக்கட்டத்தில் இருந்தது. நான் போயிருந்தபோது மருமகள், "எத்தனை தடவைதான் சொல்றது, உக்காருங்கன்னா உக்காருங்களேன்" என்று குரலை உயர்த்தினாள். நான் உடனே, நாத்தனாரும் பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, "அத்தைகிட்ட கோபப்படக் கூடாதும்மா, அது அவங்க நோய், பொறுமையா இருக்கணும்" என்றேன். புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மூன்று மாதம் என் போனை எடுக்கவில்லை. நான்காம் மாதம் நானே போய் நின்றபோது சொன்னாள்: "நாலு வருஷமா நான் பொறுமையாத்தான் இருக்கேன் மேடம். அன்னைக்கு ஒரு நாள் கத்துனேன். நீங்க அந்த ஒரு நாளைப் பார்த்துட்டீங்க. என் நாத்தனார் இப்போ ஊரெல்லாம் சொல்றாங்க, ஆஸ்பத்திரிலேருந்து வந்த அம்மாவே என்னைத் திட்டிட்டாங்கன்னு."

பொறுமையாக இருங்கள் என்று சொல்வதற்கு முன்னால், பொறுமையைப் பிடித்து நிறுத்த அவளுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வு கொடுக்காமல் அறிவுரை மட்டும் கொடுத்தால் அது அவள் மேல் இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் போய் விழும். இதை நான் அந்த வீட்டுத் திண்ணையில் படித்தேன்.

கூட்டத்தை மாற்றினோம். மாடி வேண்டாம், தரைத்தளம். காலை வேண்டாம், சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, மதியம் 2.30. முக்கியமாக, பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றோம். பக்கத்து அறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர். இரண்டு மணி நேரம். முதல் மாதம் வந்தவர்கள் ஏழே பேர், எல்லோரும் பெண்கள். அதில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். நான் பேச வைத்திருந்த பாடத்தை மூடிவைத்துவிட்டேன். யாரும் அவரை எழுப்பவில்லை.

பக்கத்து அறையில் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழிகாட்டி இருந்தது. அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் உருவானது. வாரத்துக்கு இரண்டாக ஏழு வாரத்தில் 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். பாட்டு, சாப்பாடு, சிறுவயது, பணம், எண் விளையாட்டு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைத் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்படி மாற்றியமைத்து 2017-இல் வெளியிட்டார்கள். எங்களால் 14 அமர்வுகளையும் முறைப்படி நடத்த முடியவில்லை. அதன் சாரத்தை எடுத்துக்கொண்டோம். பழைய நாலணா, எட்டணாக் காசுகளை ஒரு தட்டில் கொட்டிவைத்தால் போதும், மகளின் பெயரை மறந்த பாட்டி, நாலணாவுக்கு எத்தனை கட்டு கீரை வாங்கினாள் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள். உதிரி மல்லிகையும் நாரும் கொடுத்தால் விரல்கள் தாமாகவே தொடுக்கும். நேற்று என்ன நடந்தது என்பதைவிடக் கை பழகிய வேலை மூளையில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த அறையில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1918-இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே இந்த மில் தொழிலாளர்களிடம்தான். அதை அவர் பெருமையோடு சொல்வார், வருஷம் பிசகாமல். மில் 1996-இல் மூடப்பட்டது. அது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. விடியற்காலையில் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார்.

அவர் மனைவி ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொன்னார்: "மில்லு மூடி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க." ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த மனிதருக்கு வேலை போனது. அழுவார், கத்துவார், ஒருமுறை கையை ஓங்கிவிட்டார். நோய் வந்தவரைத் திருத்தாதீர்கள், அவர் இருக்கும் காலத்துக்கு நீங்கள் போங்கள் என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்த அம்மா வகுப்புக்கு வருவதற்கு முன்பே தானாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "இன்னைக்கு இன்னும் சங்கு ஊதலைங்க, ஊதட்டும், டீ குடிங்க" என்பார். அவர் உட்கார்ந்து டீ குடிப்பார். சங்குக்காகக் காத்திருப்பார். அரை மணி நேரத்தில் ஷிப்ட் மறந்துபோகும்.

என்னிடம் தனியாக வந்து கேட்டார். "ஐம்பது வருஷத்துல அவருகிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இப்போ தினம் விடிஞ்சா பொய். பாவமாம்மா இது?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, அந்தக் கேள்வி கூட்டத்தில் எழுந்தபோது, அறையில் இருந்த பதினொரு பெண்களும் தாங்கள் தினமும் சொல்லும் பொய்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அப்பா ஊருக்குப் போயிருக்கார், சாவி பூட்டுக்காரர்கிட்ட இருக்கு, உங்கம்மா நாளைக்கு வர்றாங்களாம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தோள் இறங்கியது. என் படிப்பு அவருக்குக் கொடுக்காததை அந்த அறை கொடுத்தது.

சில நாட்கள் டீயும் பலிக்காது. அவர் கிளம்பிவிடுவார். பூட்டிவைத்தால் கதவை உடைக்கும் அளவுக்கு ஆத்திரம். அதனால் தெருவோடு பேசினோம். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை மாஸ்டர், இஸ்திரி வண்டிக்காரர், பால் பூத். அவர் போட்டோவைக் காட்டி, "எங்கே போறீங்கன்னு மறிக்காதீங்க. அண்ணே, நானும் மில்லுப் பக்கம்தான் போறேன்னு கூட நடங்க. ஒரு சுத்து சுத்தி வீட்டுல விட்டுருங்க" என்றோம். நோயின் பெயரையோ மூளையில் என்ன நடக்கிறது என்பதையோ நாங்கள் அங்கே பேசவே இல்லை. ஆட்டோக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. அவரும் பாதுகாப்பாக நடந்தார், உடம்புக்கும் நல்லது. மறதி நோயை நட்புறவோடு பார்க்கும் சமூகம் என்று மாநாடுகளில் பெரிதாகப் பேசப்படுவது எங்கள் தெருவில் இப்படித்தான் இருந்தது.

தெருவோடு பேச வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருட்டுப் பழி. இந்த நோயில் வைத்த இடம் மறந்துபோகும், மறந்தது என்பதும் மறந்துபோகும். மிச்சம் இருக்கும் மூளை ஒரு விளக்கம் தேடும்: யாரோ எடுத்துவிட்டார்கள். யார் வீட்டில் எந்நேரமும் இருக்கிறாளோ அவள். "மருமக என் வளையலை எடுத்துட்டா." பேச்சு கோர்வையாக இருப்பதால் தெரு நம்பிவிடும். அதிகம் பார்த்துக்கொள்பவள் மேல்தான் பழி அதிகம் விழுகிறது. இதனால்தான் 'மறதி நோய்' என்ற பெயரே எனக்கு முழுசாகத் திருப்தியில்லை. கேட்பவர்களுக்குச் சாவியை மறப்பதுதான் ஞாபகம் வருகிறது. சந்தேகமும், அந்தி சாய்ந்தால் வரும் பதற்றமும், குளிக்க மறுப்பதும் அந்தப் பெயருக்குள் வருவதில்லை. ஒருமுறை கூட்டத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "எங்கட ஊரிலை அறளை பேந்திட்டுது எண்டு சொல்லுவினம்" என்றார். வயதான காலத்தில் நினைவு தடுமாறிவிட்டது என்று பொருள். யாரையும் குற்றம் சொல்லாத சொல். வயதில் வருவது, அந்த ஆள் வேண்டுமென்று செய்வதில்லை என்பது அதிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் "நடிக்கிறாங்க", "வீம்பு" என்ற சொற்கள்தான் முதலில் வருகின்றன.

வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் எது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று சொல்லித்தான் தொடங்குவேன். யார் முகத்திலும் ஒரு சலனமும் இருக்காது. ஆனால் ஒரு வரி எல்லோருக்கும் நின்றது: "மறதி நோய் மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஒரே ராத்திரியில் மோசமானால் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது, டாக்டரிடம் ஓடுங்கள்." ரயில்வே பென்ஷன் வாங்கும் ஒரு குடும்பத்தில் பாட்டி திடீரென்று சுவரில் ஆட்கள் நடப்பதாகச் சொல்லிக் கூச்சலிட்டார். மந்திரிக்கக் கூட்டிப்போக ஆட்டோவும் வந்துவிட்டது. பேத்திக்கு அந்த வரி ஞாபகம் வந்து டாக்டரிடம் போனார்கள். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த பத்து நாளில் பாட்டி பழைய நிலைக்குத் திரும்பினார். தைராய்டு, பி12 சத்துக் குறைவு இவற்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் விட்டதில்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், நோயைத் திருப்பாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். நகையை அடகு வைத்து அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று அலைவது அதனால் சில வீடுகளில் நின்றது.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களின் வாழ்வுச் சான்று. ரேகை தேய்ந்த விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னால் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார், இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று சொன்ன அன்று எனக்குக் கிடைத்த நன்றி, நோயை விளக்கிய எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் எங்களுக்குப் பாடங்கள் இருந்தன. பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டியிடம் "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள். பாட்டி, "ஆடி மூணாம் வெள்ளி போயி நாலு நாளாச்சு" என்றாள். அன்று செவ்வாய். கணக்கு துல்லியம். பயிற்சிப் பெண் தாளில் தவறு என்று குறித்திருந்தாள். வட இந்தியாவில் எழுத்தறியாதவர்களுக்காக உருவாக்கிய சோதனையில் மணி என்ன என்று கேட்காமல், இது காலையா மாலையா என்று கேட்கிறார்கள். அந்த இங்கிதம் நமக்கும் வேண்டும். தாளைத் திருத்திவிட்டு, அந்தப் பெண்ணை அன்று முழுக்கப் பாட்டியோடேயே உட்கார வைத்தேன்.

கூட்டத்துக்கே வர முடியாத வீடுகள்தான் கடினம். படுக்கையில் விழுந்துவிட்டவர், பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அங்கே நாங்கள்தான் போக வேண்டும். கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2008-இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே போய்ப் பேசியதில், பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது. பெரிய படிப்பு தேவைப்படவில்லை, போவதுதான் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையோடு வீட்டுப் படி ஏறுகிறார்கள். அவர்களில் சிலரோடு ஒரு மதியம் பேசினோம். "மாத்திரையை ரெண்டு தடவை போட்டுக்கிறாங்க மேடம், கேட்டா போடவே இல்லங்கிறாங்க, அது இதுதானா?" என்று ஒருவர் கேட்டார். அதுதான். அவர் சொல்லி நாங்கள் போன மூன்று வீடுகளில் இரண்டில் அதுவேதான். அவர்களுடைய மாத்திரைப் பையில் இந்த நோய்க்கும் ஒரு இடம் முறையாக வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

எங்களால் இன்னும் தீர்க்க முடியாதது ராத்திரி. பகலில் இரண்டு மணி நேரம் பிடித்துக் கொடுத்துவிட்டோம். ராத்திரிக்கு எங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்தார்கள், நான் அதில் எதுவும் எழுதுவதில்லை. பகலில் அது வெறிச்சோடிக் கிடக்கும். போன வாரம் காலையில் எழுந்து பார்த்தேன். 2.40-க்கு மில்காரர் வீட்டு அம்மாவின் குரல் பதிவு, பின்னால் அவர் கதவைத் தட்டும் சத்தம்: "யாராவது முழிச்சிருக்கீங்களா?" 2.41-க்கு அயனாவரம் மருமகள்: "நான் இருக்கேம்மா. எங்க அத்தையும் தூங்கல. சொல்லுங்க."