தாவீது ஊரைவிட்டு ஓடிய நாள்: மூன்று வாரப் பாடமாக நடத்த சில குறிப்புகள்

உபத்திரவத்தில்தான் ஆளைத் தெரியும் என்று பாடம் எடுக்க நினைப்பவர்கள் வழக்கமாக யூதாஸிடமோ யோசேப்பின் அண்ணன்மாரிடமோ போய் நிற்பார்கள். அதில் ஒரு சிரமம் உண்டு. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். பெரியவர்கள் உட்கார்ந்து யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்கூட்டத்துக்கு என் தேர்வு 2 சாமுவேல் 15 முதல் 19 வரை. தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் கலகம் செய்கிறான், தாவீது எருசலேமை விட்டு ஓடுகிறார், வழியில் ஒவ்வொருவராக எதிர்ப்படுகிறார்கள். யார் எப்படிப்பட்டவர் என்று உடனே சொல்லிவிட முடியாது. தாவீதே ஓர் ஆளிடம் ஏமாந்தாரோ என்ற கேள்வி கடைசிவரை தீர்வதில்லை. இந்தப் பகுதியை எடுக்கச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மொத்தம் 165 வசனம். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்தால் வாசிப்பே அரை மணிக்குமேல் போய்விடும், அப்புறம் பேச நேரம் இருக்காது. முதல் வாரம் 15:1 முதல் 16:14 வரை, இரண்டாம் வாரம் 16:15 முதல் 17-ஆம் அதிகாரம் முடிய, மூன்றாம் வாரம் 18, 19. பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி பக்கத்து வார நாள் கூட்டம் என்றால், ஒயிட்ஃபீல்டிலிருந்தும் அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்தும் வேலை முடிந்து வருபவர்கள் எப்படியும் இருபது நிமிடம் பிந்துவார்கள். அதனால் முக்கியமான கேள்வியை முதல் கால் மணியில் வைக்காதீர்கள். அந்த நேரத்துக்குச் சங்கீதம் 3 போதும். அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது, எட்டே வசனம்.

பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். பள்ளியில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும் என்பதால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுவார்கள். வட்டமாக ஆளுக்கு ஒரு வசனம் என்று விட்டால் அவர்கள் கூனிக்குறுகிப்போய் அடுத்த வாரம் வரமாட்டார்கள். நன்றாக வாசிக்கும் ஒருவரோ இருவரோ சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கைபேசியில் தங்களுக்கு வசதியான மொழியில் பின்தொடரட்டும். பெயர்களை மட்டும் முன்கூட்டியே சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அபிசாய், அபியத்தார், அகித்தோப்பேல், அகிமாஸ் நால்வரும் குழம்புவார்கள், சந்தேகமே வேண்டாம்.

15:7-இல் யாராவது ஒருவர் நிறுத்துவார். நம் பழைய மொழிபெயர்ப்பில் நாற்பது வருஷம் சென்றபின் என்று இருக்கும். தாவீது ஆண்டதே மொத்தம் நாற்பது வருஷம். பழைய சீரியாக் மொழிபெயர்ப்பில் நான்கு என்றிருக்கிறது, கதைக்கும் அதுதான் பொருந்துகிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள். இதில் பத்து நிமிடம் போனால் ஈத்தாயிடம் போய்ச் சேரவே மாட்டீர்கள்.

முதல் வாரத்துக்கு ஏழு துண்டுச் சீட்டு தேவை. ஈத்தாய், ஆசாரியர்கள் சாதோக்கு, அபியத்தார், அப்சலோமிடம் தாவீது திருப்பி அனுப்பிய நண்பர் ஊசாய், சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா, சவுல் வம்சத்தானான சீமேயி, தாவீதின் படைத்தலைவர்களில் ஒருவரான அபிசாய். ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். வசனம் வாசிக்கும்போது தன் சீட்டில் உள்ளவரை மட்டும் கவனித்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கையில் என்ன கொண்டுவந்தார், அல்லது எதை விட்டுவிட்டு வந்தார்? தாவீது தோற்றுப்போனால் இவருக்கு என்ன ஆகும்? தாவீதிடம் என்ன கேட்டார்? 'இவர் நல்லவரா' என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்த பதிலைச் சொல்வார்கள், வசனத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஈத்தாயின் சீட்டு வைத்திருப்பவர் நிறையக் கண்டுபிடிப்பார். அவன் கித்தியன், கோலியாத்தின் ஊரான காத்தூர்க்காரன். நேற்று வந்தவன் நீ, திரும்பிப் போ என்று தாவீதே சொல்கிறார். அவனுடன் பிள்ளைகுட்டிகளும் இருக்கிறார்கள். தோற்றால் போக இடமில்லை. அவன் கேட்டதெல்லாம் கூட வர அனுமதி. சொந்த மகன் துரத்துகிறான், அந்நியன் கூட வருகிறான். பெங்களூர்த் தமிழர்கள் நடுவில் இந்த இடம் சும்மா கடந்துபோகாது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் வெடித்த கலவரத்தைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் பேச்சு அங்கே போகும், 2016 செப்டம்பர் அடுத்து வரும். யார் கதவைத் திறந்தார், யார் சாத்தினார் என்று பேசுவது பாடத்துக்கு ஏற்றதுதான். ஆனால் கதவைச் சாத்தியவரின் பெயரோ வீட்டு அடையாளமோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவர்களில் அந்தத் தெருக்காரர்கள் இருக்கலாம்.

சீபாவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சேணம் வைத்த இரண்டு கழுதை, 200 அப்பம், வற்றலான திராட்சைக் குலை 100, கோடைகாலப் பழம் 100, ஒரு துருத்தி திராட்சரசம். பசியோடு நடப்பவர்களுக்கு இதைவிடத் தேவையான உதவி கிடையாது. உன் எஜமான் எங்கே என்று தாவீது கேட்கிறார். மேவிபோசேத் எருசலேமிலேயே இருந்துவிட்டான், தன் தகப்பன் ராஜ்யம் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருக்கிறான் என்கிறான் சீபா. மறுபக்கம் கேட்காமல், அதே இடத்தில், மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் தாவீது எழுதிக்கொடுத்துவிடுகிறார். மேவிபோசேத் ஐந்து வயதிலிருந்தே இரண்டு காலும் முடமானவர் (4:4). வந்து நின்ற கழுதைகளில் ஒன்று அவருக்காகச் சேணம் வைக்கப்பட்டதோ என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பதில் 19:26-இல் இருக்கிறது. இந்த வாரம் அதைச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் சீபாவை நல்லவனாக நம்பி வீட்டுக்குப் போகட்டும்.

இந்தப் பாடத்தை நடத்துபவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். கஷ்டம் மற்றவர்களின் குணத்தைக் காட்டுகிறது என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. கஷ்டப்படுகிறவருக்கு அந்த நேரத்தில் கண் தெளிவாக இருப்பதில்லை. உள்ளே குமைந்துகொண்டிருக்கும்போது ரொட்டியோடு வந்தவன் உத்தமன், கல்லோடு வந்தவன் துரோகி. ஆச்சரியம் என்னவென்றால், அதே சாலையில் சற்றுத் தள்ளி, பகூரிமில் சீமேயி கல்லெறிந்து தூஷிக்கிறான், அவன் தலையை வாங்கிவிட்டு வருகிறேன் என்கிறான் அபிசாய், தாவீது நிதானமாகத் தடுக்கிறார். தன்னைத் திட்டியவன் விஷயத்தில் நிதானம், தனக்குச் சாப்பாடு கொடுத்தவன் விஷயத்தில் அவசரம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள், முதல் வாரம் அங்கேயே முடியட்டும்.

இரண்டாம் வாரம் அகித்தோப்பேல், தாவீதை விட்டு அப்சலோமிடம் போன ஆலோசகர். அவர் ஏன் கட்சி மாறினார் என்று வேதம் சொல்லவில்லை. 11:3-இல் பத்சேபாள் எலியாமின் மகள், 23:34-இல் ஒரு எலியாம் அகித்தோப்பேலின் மகன். இருவரும் ஒரே எலியாம் என்றால் உரியாவின் மனைவிக்கு இவர் தாத்தா. நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான். பிரசங்கத்தில் இதை உறுதியான செய்தியாகக் கேட்டவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், இரண்டு வசனத்தையும் திறந்து காட்டிவிட்டு 'இருக்கலாம்' என்ற அளவில் நிறுத்துங்கள். சங்கீதம் 41:9-ம் 55:12-14-ம் அகித்தோப்பேலைப் பற்றியவை என்பதும் அப்படியே. தலைப்புகளில் அந்தச் செய்தி இல்லை. 41:9-ஐ யோவான் 13:18 யூதாஸுக்குப் பொருத்துவது மட்டும் எழுத்தில் இருக்கிறது. 16:21-22 சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் வாசிக்கக் கூடியதல்ல. அந்த நேரத்துக்கு அவர்களை அடுத்த அறைக்கு அனுப்ப ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அப்சலோமுக்கு அகித்தோப்பேலும் ஊசாயும் சொன்ன ஆலோசனை இரண்டையும் சார்ட்டில் எதிரெதிரே எழுதுங்கள். அகித்தோப்பேல்: 12,000 பேர், இன்று இரவே, ராஜா ஒருவரை மட்டும் வெட்டினால் போதும். ஊசாய்: தாண் முதல் பெயெர்செபா வரை ஆள் திரட்டு, நீயே முன்னால் போ. முதலாவதை நல்ல ஆலோசனை என்று 17:14 தானே ஒப்புக்கொள்கிறது. ஊசாய் வாங்கித் தந்தது ஓர் இரவு மட்டுமே. எருசலேமிலிருந்து யோர்தானுக்கு ஆயிரம் மீட்டருக்குமேல் இறக்கம், வறண்ட யூதேயா மலைச்சரிவு. குடும்பங்களோடு இரவில் இறங்கி, விடிவதற்குள் ஒருவர் விடாமல் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அந்த ஓர் இரவு இல்லாவிட்டால் கதை முடிந்திருக்கும்.

இங்கே ஒரு இளைஞராவது கேட்பார்: ஊசாய் செய்ததும் துரோகம்தானே? ராஜா வாழ்க என்று அப்சலோமிடம் சொல்கிறார், எந்த ராஜா என்று சொல்லவில்லை. போருக்கு அது தகும் என்று ஒரு வார்த்தையில் மூடிவிடாதீர்கள். தாவீதே அனுப்பிய ஆள், அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும், முதல் வாரத்து மூன்று கேள்வியை ஊசாய்க்கும் அகித்தோப்பேலுக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் தீராமல் முடிந்தாலும் பரவாயில்லை.

அகித்தோப்பேல் தற்கொலை செய்துகொள்ளும் 17:23-ஐ மெதுவாகவும் சுருக்கமாகவும் வாசியுங்கள். வீட்டில் ஒருவரை அப்படி இழந்தவர் அந்த அறையில் இருக்கலாம். துரோகிக்கு வந்த கூலி என்று யாராவது ஆரம்பித்தால் நடத்துபவர் உடனே குறுக்கிட வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 என்பதைச் சார்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள், தமிழிலும் பேசலாம். கூட்டம் முடிந்தபின் தனியாகப் பேச ஒருவர் காத்திருப்பது இன்னும் நல்லது.

அந்த அதிகாரத்தின் கடைசி மூன்று வசனம் யோர்தானுக்கு அப்பால் தாவீது தங்கிய மக்னாயீமில் வந்த சரக்குப் பட்டியல். மெத்தை, பாத்திரம், கோதுமை, வாற்கோதுமை, மாவு, பயறு வகைகள், தேன், வெண்ணெய், ஆடு, பால்கட்டி. கொண்டுவந்தவர்கள் மூவர், அவர்களில் மாகீர் யார் என்று பாருங்கள். மேவிபோசேத்தை முன்பு தன் வீட்டில் வைத்துப் பராமரித்தவர் (9:4-5), சவுல் வீட்டுக்கு வேண்டியவர். சீபா கொண்டுவந்ததும் சாப்பாடு, இவர்கள் கொண்டுவந்ததும் சாப்பாடு. என்ன வித்தியாசம் என்று கூட்டம் தானே கண்டுபிடிக்கும்: இவர்கள் யார்மேலும் கோள் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், அப்சலோம் தோற்றுச் சாகும் 18-ஆம் அதிகாரத்தை ஒருவர் ஐந்து நிமிடத்தில் கதையாகச் சொல்லிவிடட்டும், 33-ஆம் வசனத்தை மட்டும் வாசியுங்கள். நேரமெல்லாம் தாவீது திரும்பிவரும் 19-க்குத்தான். மேவிபோசேத் காலைப் பேணாமல், தாடி திருத்தாமல், துணி வெளுக்காமல் வந்து நிற்கிறார், கழுதை கேட்டேன், வேலைக்காரன் மோசம்போக்கினான் என்கிறார். தாவீது விசாரிப்பதில்லை, நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். மேவிபோசேத், முழுவதையும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். யார் சொல்வது நிஜம்? வசனம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் கேள்வியைப் போட்டால் ஒன்று தெரியும்: ஒருவர் சொத்தோடு போனார், மற்றவர் சொத்து வேண்டாம் என்றார். மக்னாயீமுக்குச் சரக்கு கொண்டுவந்த மூவரில் ஒருவரான பர்சிலாவுக்கு 80 வயது, அரண்மனைக்கு வா என்றால் மறுத்துவிட்டுத் தனக்குப் பதிலாக கிம்காம் என்பவரை அனுப்புகிறார். இதற்கு விளக்கம் தேவைப்படாது.

சீமேயிக்குத் தாவீது உயிர்ப்பிச்சை கொடுத்து ஆணையிட்டார் என்று அழகாக முடித்துவிட ஆசை வரும். முடிக்காதீர்கள். 1 இராஜாக்கள் 2:8-9-ஐ வாசியுங்கள், மரணப்படுக்கையில் அந்த ஆணையை எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று தெரியும். பகூரிமில் பார்த்த நிதானம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் பாடம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

கடைசிக் கால் மணியை அபியத்தாருக்கும் தாவீதின் படைத்தலைவர் யோவாபுக்கும் வைத்துவிடுங்கள். இருவரும் அப்சலோம் கலகத்தில் தாவீதின் பக்கம் நின்றவர்கள். தாவீதின் இன்னொரு மகன் அதோனியா ராஜாவாக எழும்பியபோது இருவரும் அவனோடு போனார்கள் (1 இராஜாக்கள் 1:7). அபியத்தாரைக் கொல்லாமல் விட்டதற்குச் சாலொமோன் சொல்லும் காரணம், தாவீது அனுபவித்த உபத்திரவத்தில் இவரும் பங்குபெற்றார் என்பது (2:26). முதல் வாரத்தில் அபியத்தாரின் சீட்டை வைத்திருந்தவர் யாரோ, அவரையே இதை வாசிக்கச் சொல்லுங்கள். நேரம் போதாமல் போனால் பர்சிலாவைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்க வேண்டாம்.