படம் சிதறுதா? முதல்ல மெனுவைத் திறங்க

டிவியில படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்குது, சத்தம் விட்டு விட்டு வருது. உடனே "பேனல் போச்சு"ன்னு, அதாவது திரையே போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க.

ரிமோட்ல மெனுவைத் திறங்க. செட்டாப் பாக்ஸ் மெனு இல்ல, டிவியோட சொந்த மெனு.

மெனு எழுத்து பளிச்சுன்னு இருந்து, பின்னாடி படம் மட்டும் சிதறினா திரை நல்லாத்தான் இருக்கு. கோளாறு சிக்னல், கேபிள், பாக்ஸ் பக்கம். மெனு மேலயும் கோடு ஓடினா, கோளாறு பேனல்ல, இல்லன்னா பேனலுக்குப் படத்தை அனுப்பற டி-கான் போர்டுல.

சிக்னல் பக்கம்னா ஸ்ட்ரெங்த்தை (எவ்வளவு பலமா வருது) விட குவாலிட்டி (எவ்வளவு சுத்தமா வருது) அளவுதான் முக்கியம். ஸ்ட்ரெங்த் நிறைய, குவாலிட்டி கம்மியா? பூஸ்டர் வாங்காதீங்க, அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தண்ணி இறங்கிய கனெக்டர், கேபிளோட உள்கம்பியைத் தொட்டு நிக்கிற, வெளிப்பின்னல்ல இருந்து வந்த ஒரு மெல்லிய இழை, இதையெல்லாம் முதல்ல பாருங்க. சிக்னல் அளவுக்கு மீறினாலும் அதைப் பிடிக்கிற ட்யூனர் திணறும். அப்போ தேவை, சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டர். (சிக்னல் அதிகமானதுதான் காரணமா இருக்கும்னு யாரும் நினைக்கறதே இல்ல.)

சத்தம் வருது, திரை மட்டும் கருப்பா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையில சாய்வா அடிங்க. மங்கலா உருவம் அசைஞ்சா, திரைக்குப் பின்னாடி வெளிச்சம் தர்ற பேக்லைட் எரியல. பேக்லைட்ல இருக்கிற எல்இடிகள் தொடர் இணைப்புல இருந்தா, ஒண்ணு போனாலே மொத்த வரிசையும் அணைஞ்சிடும். பேனலை மாத்தணும்னு யாராவது சொன்னா, எல்இடி பட்டையைச் சோதிச்சாச்சான்னு கேளுங்க.