நாற்பது நிமிஷம்

அந்தப் பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “தம்பி, மேலே போனா நம்ம ஆளுங்க பேர் இருக்குமா?”

நாகாலாந்தில், கோஹிமா போர்க் கல்லறையில், டென்னிஸ் மைதானத்தின் வெள்ளைக் கோடுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். ஒவ்வொரு டூர் குரூப்புக்கும் சொல்வதை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். 1944 ஏப்ரல், இரண்டாம் உலகப் போர். மேட்டில் சுமார் 1,500 பிரிட்டிஷ், இந்திய வீரர்கள், சுற்றிலும் 10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியர். துணை ஆணையர் பங்களாவின் இந்த மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள், நடுவே பறந்த கையெறி குண்டுகள். இதைக் கேட்டால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். பெரியவரும் கேட்டார்தான். ஆனால் அவர் கண் படிகள் மேலேயே இருந்தது.

உச்சியில் இருப்பது, தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் நினைவிடம். கீழே 1,420 கல்லறைகள், ஆளுக்கொரு கல். மேலே இருப்பவர்களுக்குப் பெயர் மட்டும்தான்.

“இருக்கும் சார். ஆனா டைம் இல்லை, திமாப்பூர்ல ரயிலைப் பிடிக்கணும்” என்றேன்.

“சரி தம்பி” என்று திரும்பிவிட்டார்.

நான் செய்தது தப்பில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இருபத்தாறு பேர், மலைப்பாதை, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். அவருக்கு முட்டிவலி வேறு. ஏறி இறங்க அரை மணி நேரம் போயிருக்கும். ரயில் போயிருந்தால் அத்தனை பேருக்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

உறுத்துவது நேரமல்ல. ‘இருக்கும்’ என்றேனே, அதுதான். ஏழு குரூப்போடு அங்கே போயிருக்கிறேன், ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. பஞ்சாபிப் பெயர்களா, கூர்க்காப் பெயர்களா, நம் ஊர்ப் பெயர்களா, எனக்கே தெரியாது. டென்னிஸ் மைதானத்துக் கதை போதும் என்று முடிவு செய்தது நான்தான். அந்த இடத்துக்கு நாற்பது நிமிஷம் என்று அட்டவணை போட்டதும் நான்தான்.

அவருடைய போன் நம்பர் பயணிகள் பட்டியலில் இன்னும் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது?

அடுத்த டூரில் இருபது நிமிஷம் கூட்டினேன். மேலே வர யாரும் கேட்கவில்லை, நான் மட்டும் ஏறினேன். மூச்சு வாங்கியது. படைப்பிரிவு வாரியாக வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். பாதிகூட முடியவில்லை, கீழே டிரைவர் ஹாரன் அடித்தார்.