கன்று தேடும் மடி

கொடைக்கானல் மேல்மலையில் கால்நடை மருத்துவராக இருப்பவருக்கு ராத்திரி போன் வந்தால் அது பெரும்பாலும் ஈத்துக் கேஸாகத்தான் இருக்கும். பூம்பாறைக்கோ கவுஞ்சிக்கோ குளிரில் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பல சமயம் பசு கன்று போட்டுவிட்டு நக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் எதற்குக் கூப்பிட்டார்கள்? "கன்னு மடிக்கே போக மாட்டேங்குது சார். மக்குக் கன்னா இருக்கும்போல."

மக்கு இல்லை. அந்தக் கன்று என்ன செய்கிறது என்று நின்று பார்த்தால் தெரியும். நாலு காலில் தள்ளாடி எழுந்ததுமே முட்டிக்கொண்டு தேட ஆரம்பிக்கும். முன்னங்கால் சந்தில் முட்டும், நெஞ்சுக்கடியில் முட்டும், சில நேரம் கொட்டகைச் சுவரின் மூலையைக்கூட சப்பும். வயிறும் காலும் சேரும் இடத்தில், அண்ணாந்து தேடு என்பதுதான் அதற்குப் பிறப்பிலேயே வந்த விதி. ஆதிகால காட்டுப்பசுவுக்குச் சின்ன மடி, பின்னங்கால்களுக்கு நடுவில் உயரத்தில் ஒட்டியிருக்கும். விதி அதற்குச் சரியாகப் பொருந்தும். நாம் பாலுக்கு ஆசைப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, மடியைக் கீழே தொங்கவிட்டோம். கலப்பின ஜெர்சியின் கன்று தலையைத் தூக்கித் தேடுகிறது. காம்போ அதன் தாடைக்குக் கீழே கிடக்கிறது. ஐரோப்பிய மாடுகளின் மூதாதையான ஆரோக்ஸ் இனத்தின் கடைசிப் பசு 1627-ல் போலந்துக் காட்டில் செத்தது. பூம்பாறைக் கொட்டகையில் பிறந்த கன்று இன்னும் அந்த இனத்தின் மடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

இதில் ரசிக்க நேரம் கிடையாது. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் உறிஞ்சுவது மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே கன்றைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, காம்பை வாயில் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன்.

ஆட்டின் சங்கதி வேறு. குட்டி போட்ட சில மணி நேரத்துக்குள் தாய் ஆடு தன் குட்டியின் வாசனையை மனதில் பதித்துக்கொள்ளும். அதன் பிறகு வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். மன்னவனூர்ப் பக்கம் ஒரு பாட்டி, குட்டி செத்துப் பிறந்த ஆட்டிடம் தாயில்லாக் குட்டியை விட்டதைப் பார்த்தேன். பனிக்குடத் தண்ணீரை அந்தக் குட்டி உடம்பெல்லாம் பூசிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆடு கனைத்துக்கொண்டே நக்க ஆரம்பித்தது. கர்ப்பவாய் விரிவதுதான் ஆட்டுக்குள் இந்தத் தாய்மைச் சுவிட்சைத் தட்டுகிறது என்று 1983-ல் ஓர் ஆய்வு காட்டியது; பின்னால் 1987-ல் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை நேரே மூளைக்குச் செலுத்தியபோதும் குட்டி போடாத ஆடு தாயாக நடந்துகொண்டது. பாட்டியிடம் சொன்னேன். "அதான் பூசுனாலே போதுமே டாக்டர் தம்பி, ஊசி எதுக்கு?" என்றார்.

அதே ஆக்ஸிடோசின் என் பையிலும் இருக்கும். பிரசவ வார்டில் பெண்களுக்குப் போடுவதும் அதுதான், அணு பிசகாமல். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சின்னப் பொருள். அமெரிக்க வேதியியலாளர் டு விக்னோ 1953-ல் ஆய்வகத்தில் செய்து காட்டி, 1955-ல் நோபல் வாங்கினார். கோழிக்குள் இருப்பதில் ஒன்பதில் ஒன்று மட்டும் மாறியிருக்கும். பறவைகளும் நாமும் பிரிந்து சுமார் 32 கோடி ஆண்டு ஆகிறது. அத்தனை காலத்துக்கு அந்த ஒரு மாற்றம். பிறந்த குழந்தையை அம்மாவின் வயிற்றில் கவிழ்த்துப் போட்டால் அதுவும் வாசனை பிடித்து ஊர்ந்து மார்பைத் தேடிப் போகும். கொட்டகையில் நான் பார்த்த தேடல்தான்.

"எல்லாம் ஹார்மோன்" என்று சலிப்போடு சொல்லும் டாக்டர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர். அவர்கள் கட்சிக்குச் சாட்சி உண்டு: செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பக்கத்தில் நிறுத்தினால் பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். இந்தத் தோல்கன்று ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆனால் கன்றை வியாபாரி ஏற்றிக்கொண்டு போன பிறகு ராப்பகலாகக் கத்தும் பசுவையும் இதே வேலையில்தான் பார்க்கிறோம். அதன் உடம்பில் ஓடுவது வெறும் ரசாயனம் என்றால், தொட்டில் பக்கத்தில் தூங்காமல் கிடக்கும் அம்மாவின் உடம்பில் ஓடுவதும் வெறும் ரசாயனம்தான். ஒன்றுக்கு ஹார்மோன், மற்றொன்றுக்குப் பாசம் என்று பேர் வைக்க என்னால் முடியவில்லை.

இந்த ஆக்ஸிடோசின் குடும்பம் பாலூட்டிகளோடும் பறவைகளோடும் முடியவில்லை. மீனுக்கும் ஒரு வகை உண்டு. மண்புழுவுக்குள் இருக்கும் வகையை அதற்கே செலுத்தினால் அது முட்டையிடும் வேலையில் இறங்குகிறது. அட்டைக்கும் அதன் உறவுப் பொருள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். இணை சேரும் நேரத்து உடல் முறுக்கலை அது தனியாகவே செய்து காட்டியது. மழைக்காலத்தில் கூக்கால் சோலையோரம் மாடு பார்க்கப் போனால் என் கெண்டைக்காலில் ஏறுவதும் அட்டைதான். சொந்தம் தெரிந்த பிறகும் உப்பு முடிந்த துணியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.