பச்சை மீனா என்று கேட்பவர்கள்

வினிகர் சேர்த்த சோற்றோடு மீனோ காயோ வைத்துத் தரும் ஜப்பானியச் சாப்பாடு சுஷி. மாலுக்குள் இருக்கும் சுஷி கடையில் வேலை பார்ப்பவர் காதில் அதிகமாக விழும் கேள்வி, "இது பச்சை மீனா?" என்பதுதான். சிலர் ஆர்வத்தோடு கேட்பார்கள், சிலர் பயத்தோடு. சிலர் கூட வந்தவரிடம் கேட்பது போல, நமக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொல்வார்கள். அந்தக் கேள்விமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழகின சாப்பாட்டுக் கடைகள் அதே தளத்தில் வரிசையாக இருக்கின்றன. அங்கே போயிருந்தால் யோசிக்காமல் ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, தெரியாத ஒன்றை வாயில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நம் முன்னால் ஒருவர் நிற்கிறார். அவருக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் பெரும்பாலும், "எல்லாம் ஃப்ரெஷ் மீன்தாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. காலையில் பிடித்த மீன் மதியம் தட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் இந்த மாதிரிக் கடைகளில் பச்சையாகப் பரிமாறும் மீனில் பெரும்பகுதி உறைய வைத்து வந்தது. பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. கடல் மீனின் சதையில் அனிசாக்கிஸ் என்ற ஒட்டுண்ணியின் இளம் புழுக்கள் இருக்கக்கூடும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் கடும் வலியும் வாந்தியும் வரும். ஆழ்ந்த குளிர் அவற்றைக் கொன்றுவிடும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைக்க வேண்டும், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். ஐரோப்பிய விதி, மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரிக்கு வந்தபின் குறைந்தது 24 மணி நேரம் என்கிறது. வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். மீன் உறையவும் நேரம் பிடிக்கும். அதனால், சந்தையில் வாங்கின மீனை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வெள்ளரி, அவகாடோ, வேகவைத்த இறால் வைத்துச் சுருட்டிப் பாருங்கள், அதுவே நன்றாக இருக்கும் என்பேன்.

குளிர் புழுவைக் கொல்லும், பாக்டீரியாவைக் கொல்லாது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் கிச்சனில் இருப்பவர்களுக்கு மனதில் ஊறியிருக்க வேண்டும். உறைந்த மீன் இளகத் தொடங்கிய நிமிடத்திலிருந்து மறுபடியும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால், ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதற்கப்புறம் சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையை ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி வைக்கிற அந்த அட்டையை நான் சடங்காக நினைத்ததே இல்லை. சூரையை இன்னும் கடுமையான குளிரில், மைனஸ் 60 டிகிரியில் வைப்பார்கள். சாதாரண ஃப்ரீசரில் அதன் சிவப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகிவிடும். சிவப்பைக் கொடுக்கிற மயோகுளோபின் அந்தக் குளிரிலும் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

முதல் தடவை வருபவர்கள் படத்தைப் பார்த்து விரலை வைப்பது பெரும்பாலும் சால்மன் மேல்தான். ஆரஞ்சு நிறம், நடுவில் வெள்ளைக் கோடுகள், பார்க்கவே அழகு. ஜப்பானில் காலங்காலமாக இதைத்தான் இப்படிச் சாப்பிட்டிருப்பார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் அங்கே சால்மனை உப்பிட்டோ சுட்டோதான் சாப்பிட்டு வந்தார்கள். பசிபிக் கடலின் சால்மனில் ஒட்டுண்ணி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை சால்மனைப் பச்சையாகச் சாப்பிட வைக்க ஜப்பானில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். பண்ணையில் தயாரிப்புத் தீவனம் தின்று வளரும் மீனுக்குப் புழு வருவது மிக அரிது என்று எடுத்துச் சொல்லி, அந்தத் தயக்கத்தைக் கரைக்கவே வருடங்கள் ஆயின. பயந்துகொண்டே சால்மனைத் தொடுகிற ஒருவரைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சுஷி பிறந்த நாட்டுக்காரர்களே இதே மீனைப் பார்த்து இப்படித்தான் தயங்கி நின்றிருக்கிறார்கள்.

மீனைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள், சோற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கடை திறப்பதற்கு வெகு நேரம் முன்னால், மாலின் பின்பக்க லிஃப்டில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வேலை அரிசியில்தான் தொடங்குகிறது. குட்டையான, உருண்டையான ஜப்பானிய அரிசி. அதில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் குறைவு. அதனால்தான் வெந்தபின் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஊற வைத்து, வேக வைத்து, அகலமான மரத்தொட்டியில் கொட்டுவோம். அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த கரைசலை மேலே ஊற்றி, துடுப்பு போன்ற மரக்கரண்டியால் வெட்டி வெட்டிப் புரட்ட வேண்டும். கிளறினால் பருக்கை உடைந்து கூழாகிவிடும். ஒருவர் புரட்ட, இன்னொருவர் விசிற, மேற்பரப்பு மெல்லப் பளபளப்பாகும். மரம் அதிக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஐந்து பத்து நிமிடம் கிச்சனில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

வினிகர் வெறும் சுவைக்காகச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வெந்த சோற்றை அறை வெப்பத்தில் வைத்தால் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். வினிகரின் புளிப்பு அதைத் தடுக்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் புளிப்பின் அளவைச் சோதித்து, பி.ஹெச். 4.6-க்குக் கீழே (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இருக்கிறது என்று உறுதி செய்தபின்தான் கவுன்டருக்குப் போகும். சரி, பயமாக இருந்தால் சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் சுஷியே கெட்டுப்போகும். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையில்தான் மாவுப்பொருள் வேகமாக இறுகுகிறது. சோறு மணல் மாதிரி உதிரும். கையில் எடுக்கும்போது உடம்புச் சூட்டளவுக்கு இதமாக இருக்க வேண்டும், மேலே மீன் குளிர்ந்து இருக்க வேண்டும். வாய்க்குள் இந்த இரண்டும் சேரும் அந்த நொடிக்காகத்தான் காலையிலிருந்து இத்தனை பாடு. பார்சல் கேட்டு, நாளைக்குச் சாப்பிட ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவர்களிடம், தயவுசெய்து இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள் என்று நான் சொல்லாமல் விடுவதில்லை. நோரியும் அப்படித்தான். அந்தக் கடற்பாசித் தாள் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். சுற்றின கொஞ்ச நேரத்திலேயே சோற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, கடித்தால் இழுக்கும்.

மாலின் கூட்டம் அலை அலையாக வரும். சினிமா விட்டால் ஒரு அலை, மழை பிடித்தால் ஒரு அலை, விடுமுறை நாளில் மதியம் தொடங்கி இரவு வரைக்கும் ஒரே அலை. பெல்ட்டில் தட்டு சுற்றிவருகிற அமைப்பு இந்தக் கூட்டத்துக்காகவே பிறந்தது போல இருக்கும். கிட்டத்தட்ட அப்படித்தான் பிறந்ததும். ஒசாகாவில் சிறிய சுஷி கடை நடத்திய யோஷியாகி ஷிராயிஷிக்குப் போதுமான ஆட்கள் கிடைக்கவில்லை. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்ந்து போவதைப் பார்த்த அவர், 1958-ல் தன் கடையில் தட்டுகளை அப்படி ஓட விட்டார். எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் நொடிக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் என்று முடிவானது. அதற்கு மேல் போனால் எடுக்கக் கை தடுமாறும், மீனும் உலரும். அதற்குக் கீழே போனால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை போய்விடும். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அதைக் காட்டியபின் ஊர் ஊராகப் பரவியது.

பெல்ட்டில் எனக்குப் பிடித்தது அதன் வேகத்தைவிட வேறொன்று. பெயரை உச்சரிக்கத் தெரியாதவர் அங்கே வாயைத் திறக்கவே வேண்டாம். வருகிறது, பார்க்கிறார், பிடித்தால் எடுக்கிறார். தட்டின் நிறம் விலையைச் சொல்லிவிடுகிறது. பில் எவ்வளவு வரும் என்ற கவலையையும், தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற கூச்சத்தையும் அந்த ஒரு ஏற்பாடு எடுத்துவிடுகிறது. திறந்த தட்டு ஓடுவது சுத்தமில்லை என்று இப்போது பல கடைகள் தட்டுக்கு மூடி போடுகின்றன. சில கடைகள் திரையில் ஆர்டர் வாங்கி, அந்தத் தட்டை மட்டும் மேசைக்கு அனுப்புகின்றன. நியாயமான மாற்றம்தான். ஆனால் திரையில் பெயரை மட்டும் போட்டால் கூச்சம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நல்ல படமும், என்ன மீன், வெந்ததா வேகாததா என்ற ஒரு வரியும் கட்டாயம் வேண்டும்.

மாலில் விற்பதெல்லாம் உண்மையான சுஷி கிடையாது, அதற்கு மர கவுன்டரும் நிசப்தமும் வயதான சமையல்காரரும் வேண்டும் என்று சொல்பவர்களும் வருவார்கள். அந்தப் பெரிய சமையல்காரர்களின் கைத்திறன்மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. பத்துப் பதினைந்து வருடம் பழகினாலும் வராத கை அது. ஆனால் நாம் இன்று சாப்பிடும் நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டு வைத்த சுஷி, 1820-களில் எடோவில், இன்றைய டோக்கியோவில், தெருவோரத் தள்ளுகடைகளில் விற்ற அவசரச் சாப்பாடு. ஹனாயா யோஹெய் என்பவர்தான் அதை உருவாக்கினார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவர், வீடு திரும்புகிறவர் நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். துண்டும் அப்போது இன்றையதைவிடப் பெரியது. பை நிறையப் பொருள் வாங்கிக்கொண்டு, பசியோடு, குழந்தையையும் இழுத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்தான் அந்தப் பழைய வாடிக்கையாளரின் நேர் வாரிசு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் குச்சியைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று கூனிக் குறுகுபவரிடம், "கையாலேயே எடுங்க, அப்படித்தான் சாப்பிடணும்" என்று நான் தைரியமாகச் சொல்வேன். மீன் பக்கத்தை சோயா சாஸில் லேசாகத் தொட்டால் போதும். சோறு நனைந்தால் அவிழ்ந்து கொட்டும். இஞ்சி ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் வாயைச் சுத்தம் செய்ய. வசாபி என்று பச்சை நிறத்தில் உருட்டி வைத்திருக்கும் காரமான விழுது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரும் கடுகும் நிறமும் சேர்ந்தது. அசல் வசாபி விலையும் அதிகம், துருவின கொஞ்ச நேரத்தில் காரமும் பறந்துவிடும். ஒரு வயதான அம்மா, மகள் வற்புறுத்தி உட்கார வைத்தவர், என்னிடம் மட்டும் கேட்டார்: "தம்பி, பிடிக்கலைன்னா என்ன பண்றது?" வெந்த இறாலில் ஆரம்பிங்கம்மா, அப்புறம் முட்டை, அப்புறம் மனசு இருந்தா சால்மன் என்றேன். சால்மன் வரை அவர் போகவில்லை. இறாலை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது எனக்கு நல்ல நாள்.

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கடையில் உண்மையைச் சொல்வது இன்னும் அவசரமான விஷயம். வெள்ளரி ரோலும், புளிக்க வைத்த சோயா விழுதில் செய்யும் மீசோ சூப்பும் கேட்பார்கள். சூப்பில் மிதப்பது டோஃபுவும் கடற்பாசியும்தான், பார்த்தால் சைவம். ஆனால் அதன் அடிச்சாறான தாஷி, பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்தது. முட்டை ஆம்லெட்டிலும் அதே சாறு சேர்வதுண்டு. நண்டுக் குச்சி என்று எழுதியிருப்பதில் நண்டு இல்லாமலே போகலாம், அரைத்த வெள்ளை மீன்தான் அது. ஆனால் நண்டின் சாறோ முட்டையோ கோதுமையோ சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் ஒவ்வாமை உள்ளவர் டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்காமல் தொடக் கூடாது. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. சூப்புக்கு நேராக "மீன் சாறு சேர்ந்தது" என்று மெனுவில் போட வேண்டும் என்று நான் விடாமல் கேட்டேன். இப்போது போட்டிருக்கிறார்கள், அடியில், சின்ன எழுத்தில். அடுத்த முறை அச்சிடும்போது அதைச் சூப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதுவரைக்கும் சைவம் என்று சொல்லி உட்காருகிற ஒவ்வொருவரிடமும் நானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். என் மேசைக்குப் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொள்ளும் பையனும் இப்போது அப்படியே சொல்கிறான்.